அல்ப்ஸ் மலைப் பனிச்சரிவும் தடங்கடந்த பனிச்சறுக்கும்

பனி என்னுஞ் சொல் தமிழ் வழக்கில் மார்கழி விடியற்காலையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும், அப்பொழுது வயல்வெளியை மூடும் வெண்புகைப் படலத்தையுமே பெரும்பாலும் உணர்த்தும். வானினின்று பஞ்சுபோல விழுந்து, மாதக்கணக்காக மலையை மூடிக் கிடக்கும் பொருளையும் அச்சொல்லாலேயே குறிக்க வேண்டியிருக்கின்றது. இரண்டுக்குமிடையேயுள்ள வேற்றுமை பெரிது. முன்னது ஞாயிறு கண்டதும் மறைவது. பின்னது ஆளுயரத்துக்கு மேலாகக் குவிந்து, கணப்பொழுதிற் பெயர்ந்து இறங்கி, ஓர் ஊரையே புதைக்க வல்லது. இவ்வாறு பெயர்ந்து இறங்குதலைப் பனிச்சரிவு என்பர். அல்ப்ஸ் மலை நாடுகளின் வரலாற்றிற் போருக்கும் கொள்ளைநோய்க்கும் உள்ளதுபோலப் பனிச்சரிவுக்கும் ஓர் இடமுண்டு. ஆயின் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் அவ்வரலாறு விந்தையான ஒரு திருப்பத்தை அடைந்துள்ளது. முன்னாளிற் பனி மனிதனைத் தேடி வந்தது. பின்னாளில் மனிதன் பனியைத் தேடிச் செல்லத் தொடங்கினான். இத்திருப்பம் எங்ஙனம் நிகழ்ந்தது என்பதும், பனியைப் பற்றிய அறிவு பெருகியும் உயிரிழப்பு ஒழியாதிருப்பது ஏன் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

பழங்காலத்து மலைவாழ் மக்கள் பனிச்சரிவை அறியாதவரல்லர். ஏட்டுக் கல்வி இல்லாதவிடத்தும் எச்சரிவில் எந்த மாதத்திற் பனி இறங்கும் என்பதைத் தந்தையிடமிருந்து மகன் கேட்டறிந்தான். சுவிற்சர்லாந்தின் ஊர்சரன் பள்ளத்தாக்கு மக்கள் 1397ஆம் ஆண்டிலேயே தம் ஊருக்கு மேலுள்ள காட்டில் மரந்தறித்தலைத் தடைசெய்து ஓர் உறுதிப்பத்திரம் எழுதிவைத்தனர். மரங்கள் பனியைப் பிடித்து நிறுத்தும் என்பதை அவர்கள் அறிந்திருந்தமைக்கு இதனினும் மேலான சான்று வேண்டியதில்லை. டாவோஸ் நகருக்கு அண்மையிலுள்ள பிரவுவன்கிர்க் என்னும் சிற்றூரின் தேவாலயத்தை நோக்கினால், அதன் மலைப்பக்கச் சுவர் கப்பலின் முகப்பைப் போலக் கூராகக் கட்டப்பட்டிருத்தல் புலனாகும். இறங்கிவரும் பனியை அது இரண்டாகப் பிளந்து இருமருங்கும் விலக்கும். இவையெல்லாம் தற்காப்பு முயற்சிகள். குளிர்காலத்திற் காரணமின்றி உயர்ந்த சரிவுகளில் ஏறும் எண்ணம் அம்மக்களிடம் இருக்கவில்லை. ஏறுவதற்கு ஏற்ற கருவியும் அவர்களிடம் இருக்கவில்லை.

அக்கருவி வடக்கிலிருந்து வந்தது. நோர்வே முதலிய நாடுகளிற் பனிமீது செல்வதற்காக ஒடுங்கிய நீண்ட மரச்சட்டங்களைக் கால்களிற் கட்டிக்கொள்ளும் வழக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைமையுடையது. 1888ஆம் ஆண்டில் நான்சன் என்னும் நோர்வீஜியர் இச்சறுக்குக் கட்டைகளின் துணைகொண்டு கிறீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் ஜேர்மன் மொழியில் வெளிவந்ததும் நடு ஐரோப்பாவில் ஒரு புதிய ஆர்வம் பிறந்தது. அந்நூலாற் கவரப்பட்டவர்களுள் ஒருவர் ஒஸ்திரியாவில் லிலியன்பெல்ட் என்னும் ஊரில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி. நோர்வேயின் மெல்லிய சரிவுகளுக்கென அமைந்த கட்டைகள் அல்ப்ஸின் செங்குத்தான சரிவுகளுக்கு ஒவ்வாமை கண்டு, அவற்றைக் குறுக்கி, குதிகாலை உறுதியாகப் பிணிக்கும் கட்டுக்களை அமைத்து, 1896ஆம் ஆண்டில் அக்கலைக்கு ஒரு நூலும் எழுதினார்.

அதற்கு முன்னரே டாவோஸில் ஓர் ஆங்கிலேயர் இதனை முயன்று பார்த்துவிட்டார். சேர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டொயிலே அவர். மனைவியின் காசநோய் காரணமாக டாவோஸில் தங்கியிருந்த அவர், 1894ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவ்வூர்ச் சகோதரர் இருவரின் வழிகாட்டலிற் கணவாயொன்றைக் கடந்து அரோசாவை அடைந்தார். ஆங்கிலேயர் பெருந்தொகையினராக இவ்விளையாட்டை நாடிச் சுவிற்சர்லாந்துக்கு வருங்காலம் வருமென்று அவ்வாண்டிலேயே ஒரு சஞ்சிகையில் எழுதினார். துப்பறியும் கதாசிரியரின் அக்கணிப்புப் பொய்க்கவில்லை.

பனிச்சரிவின் முழு வலிமையை ஐரோப்பா உணர்ந்தது முதலாம் உலகப் போரிலேயாம். ஒஸ்திரிய, இத்தாலியப் படைகள் 3,000 மீற்றருக்கு மேற்பட்ட முகடுகளிலும் பாசறை அமைத்து மூன்று குளிர்காலம் எதிரெதிரே நின்றன. 1916ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் மார்மொலாடா மலையில் ஒஸ்திரியப் படையினரின் பாசறைமீது பனி இறங்கி ஏறக்குறைய 270 பேரை மாய்த்தது. அவ்விடம் ஆபத்தானதென்றும் பாசறையை மாற்ற வேண்டுமென்றும் படைத்தலைவர் ருடொல்ப் ஷ்மிட் மேலிடத்துக்கு முன்னரே எழுதியிருந்தார், அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. இந்நாளைப் பிற்காலத்து நூல்கள் 'வெள்ளை வெள்ளிக்கிழமை' என வழங்குகின்றன. பஞ்சாங்கத்தைப் பார்ப்பின் அது புதன்கிழமையாகவே காண்கிறது. பெயர்கள் ஒருமுறை வழக்கூன்றிவிட்டால் நாட்காட்டியும் அவற்றைத் திருத்த மாட்டாது போலும். அப்போரில் இருதரப்பிலும் பனிச்சரிவினால் இறந்தோர் ஆயிரக்கணக்கினர்.

மேற்கூறிய ஸ்தார்ஸ்கியும் அப்போரில் ஒஸ்திரியப் படைக்கு மலை ஆலோசகராகப் பணியாற்றினார். 1916ஆம் ஆண்டு பெப்ருவரி இறுதியில், பனியிற் புதையுண்ட வீரரை மீட்கச் சென்றவிடத்து மற்றொரு சரிவு அவரையும் வாரிச் சென்றது. எண்பது அளவில் எலும்பு முறிவுகளும் மூட்டு விலகல்களும் அவருக்கு ஏற்பட்டனவாம். அறுபதை அணுகிய அம்மனிதர் உயிர் பிழைத்தது மாத்திரமன்றி, மீண்டும் சறுக்கவும் பழகி, 1929ஆம் ஆண்டிற் பனிச்சரிவு பற்றியே ஒரு நூலும் வெளியிட்டார். அல்ப்ஸிற்கேற்ற சறுக்குமுறையைக் கற்பித்தவரே பனிச்சரிவின் இயல்பையும் தன் உடம்பால் அறிந்து எழுத நேர்ந்தமை நினைக்கத்தக்கது.

போருக்குப் பின் நிகழ்ந்த மாற்றத்தை டாவோஸ் நகரின் ஐந்தாண்டு வரலாறே தெளிவாகக் காட்டும். 1932ஆம் ஆண்டில் அந்நகரிலிருந்து ஏறக்குறைய 2,660 மீற்றர் உயரமுள்ள வைஸ்புளூயொக் என்னும் இடத்துக்குக் கம்பிவட இரயிற்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டு டிசம்பரில், சறுக்குவோரைக் கம்பியிற் பற்றி மேலே இழுத்துச் செல்லும் பொறி அந்நகரின் போல்கன் சரிவில் இயங்கத் தொடங்கிற்று. 1936ஆம் ஆண்டில் வைஸ்புளூயொக்கிற் பனி ஆராய்ச்சிக்கென ஒரு சிறு கூடம் நிறுவப்பட்டது. ஆராய்ச்சியாளர் மேலே சென்றதும் சறுக்குவோர் ஏறிய அதே இரயிலிலேயே! அறிவும் ஆபத்தும் ஒரே வண்டியிற் பயணஞ்செய்தன எனலாம்.

இங்கு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. ஏற்றப் பொறிகள் வருமுன் சறுக்குவோன் தன் காலாலேயே மேலேற வேண்டியிருந்தது. ஓர் இறக்கத்துக்கு அரைநாள் ஏற்றம். ஏறும்போதே சரிவின் தன்மையை ஆராய்வதற்கு அவனுக்கு நேரமிருந்தது. பொறிகள் வந்தபின் ஒரே நாளிற் பலமுறை இறங்க முடிந்தது. ஒரே வழியாகப் பலர் இறங்கியமையாற் பனி இறுகித் தடங்கள் உண்டாயின. நாளடைவில் அத்தடங்களைச் செப்பனிட்டு, கம்பங்களால் எல்லை குறித்து, அவற்றைப் பனிச்சரிவினின்றுங் காத்தல் நிலைய நடத்துநரின் கடமையாயிற்று. தடம் என ஒன்று தோன்றிய பின்னரே தடத்துக்குப் புறம்பு என ஒன்று தோன்றிற்று. கோனன் டொயில் கடந்த கணவாயிலே தடமுமில்லை, புறம்புமில்லை, எல்லாம் மலையே. கம்பத்துக்கு இப்பால் ஒருவர் பொறுப்பு, அப்பாற் செல்வோன் பொறுப்பு என்னும் பாகுபாடு இயற்கையில் உள்ளதன்று. இரயிலும் பொறியும் கொணர்ந்தது.

வைஸ்புளூயொக் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மைகளை அறிந்தாலன்றி இப்பாகுபாட்டின் பொருள் விளங்காது. பாடர், ஹேபேலி முதலியோர் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிநூல், நிலத்திற் கிடக்கும் பனி உயிரற்ற ஒரே பிண்டம் அன்று, இடைவிடாது மாறிக்கொண்டிருக்கும் பொருள் என்பதை நிலைநாட்டிற்று. ஒவ்வொரு பொழிவும் ஒரு படையாகப் படிகின்றது. அடியில் நிலம் உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் இருக்க, மேலே காற்று அதனினும் மிகக் குளிர்ந்திருக்கும். குளிர்காலத் தொடக்கத்திற் பனி மெல்லியதாயிருக்கும்போது இவ்வேறுபாடு கடுமையானது. அதனால் அடியிலுள்ள நீராவி மேனோக்கிச் சென்று, பனிமணிகளைப் பருத்த, ஒன்றோடொன்று ஒட்டாத, கிண்ணம் போன்ற மணிகளாக மாற்றும். கையில் எடுத்தாற் சீனி போல உதிரும். இம்மென்படைமீது பின்னர்ப் பெய்யும் பனியைக் காற்று வாரிக் குவித்துப் பலகைபோல இறுக்கும். மேலே பார்ப்பவனுக்கு அது அழகிய வெண்பரப்பு. உள்ளே அது சீனிமணிகள்மேற் சாய்த்து வைத்த பலகை.

சரிவு ஏறக்குறைய 30 பாகைக்கு மேற்படின் இப்பலகை நழுவத் தக்கது. ஒரு மனிதனின் பாரமே மென்படையை நொறுக்கப் போதுமாகும். நொறுங்கல் ஓரிடத்திலே தொடங்கி, கண்மூடித் திறக்குமுன் சரிவெங்கும் பரவும். பலகை துண்டு துண்டாகப் பெயரும். அதனைப் பெயர்த்தவன் பெரும்பாலும் அதன் நடுவிலேயே நிற்பான். உரத்துக் கூவினாற் பனி சரியும் என்பது மக்களிடையே நெடுங்காலம் வழங்கிய நம்பிக்கை. மனிதக் குரலுக்கு அவ்வாற்றல் இல்லை. முன்னே பத்துப்பேர் பழுதின்றி இறங்கினர் என்பதும் பதினொராமவனுக்குக் காப்பாகாது. மென்படை எல்லாவிடத்தும் ஒரே ஆழத்தில் இல்லை. பத்துப்பேரும் தப்பிய இடத்துக்கு இரண்டடி தள்ளி அது மேற்பரப்பை ஒட்டியிருத்தல் கூடும்.

1942ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சி ஒரு நிரந்தர நிறுவனமாயிற்று. 1945 முதல் நாட்டு மக்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பையும் அது ஏற்றது. 1951ஆம் ஆண்டுக் குளிர்காலம் அதற்குக் கொடிய சோதனையாய் வந்தது. சுவிற்சர்லாந்தில் 98 பேரும் ஒஸ்திரியாவில் 135 பேரும் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தம் வீட்டில் இருந்தோர். அதன்பின் சரிவுகளின் உச்சியில் உருக்குத் தடுப்புக்கள் எழுந்தன. எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பதைக் காட்டும் படங்கள் வரையப்பட்டன. 1999ஆம் ஆண்டு பெப்ருவரி 23ஆம் நாள் ஒஸ்திரியாவின் கல்ட்யூர் என்னும் ஊரில், பாதுகாப்பானவை எனக் கருதப்பட்ட வீடுகளையும் பனி தாக்கி 31 பேரைக் கொன்றது. இதனால் அம்முயற்சிகள் வீண் என்பது போதராது. அவ்வாண்டுப் பொழிவு 1951ஆம் ஆண்டினதை நிகர்த்ததாயினும் சுவிற்சர்லாந்தின் ஊர்களிலும் வீதிகளிலும் இறந்தோர் தொகை 17 மட்டிலேயே நின்றது. வீட்டில் இருப்போனை அறிவு காத்தது.

மலைமீது சென்றோனின் கதை வேறு. சுவிற்சர்லாந்திற் பனிச்சரிவினால் ஆண்டொன்றுக்குச் சராசரியாக இருபதுக்கு மேற்பட்டோர் இன்றும் இறக்கின்றனர். அவர்களுட் பெரும்பான்மையினர் தடத்துக்குப் புறம்பே சறுக்கியோரும் மலையேறிச் சறுக்கியோருமாவர். அவ்விபத்துக்களிற் பத்துக்கு ஒன்பதில், சரிவைப் பெயர்த்தவர் இறந்தவரோ அவருடன் சென்றவரோதான். எவருடைய கால்தடமும் படியாத புதுப்பனியில் இறங்குவதன் இன்பத்தைச் சறுக்குவோர் ஒருமுகமாகப் போற்றுவர். அது பொய்யன்று, அவ்வின்பத்தை அற்பமென்று தள்ளுதல் வரலாற்றாசிரியனுக்கு அழகுமன்று. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சேர்மன் பொப்பன் என்பார் தம் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் செய்து கொடுத்த பலகையிலிருந்து, இருகாலையும் ஒரே பலகையிற் பொருத்திச் சறுக்கும் பனிப்பலகை விளையாட்டு வளர்ந்தது. அகன்ற பலகை ஆழமான புதுப்பனியில் அமிழாது மிதக்கும். அதே ஆண்டிற் கனடாவின் மலைகளில் உலங்குவானூர்தி மூலம் சறுக்குவோரை முகடுகளில் இறக்கும் தொழிலும் தொடங்கிற்று. முன்னே மிகச் சிலர்க்கே எட்டிய சரிவுகள் பலர்க்கும் எட்டின.

1988ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், அப்போது இளவரசராயிருந்த சாள்ஸும் அவர் நண்பரும் குளொஸ்டர்ஸ் மலையிற் குறித்த தடத்தை விட்டு இறங்கியபோது பனி சரிந்தது. மேஜர் ஹியூ லின்சே இறந்தார். அம்மையார் ஒருவர் கடுங்காயமுற்றார். தேர்ந்த வழிகாட்டி ஒருவர் உடன் சென்றிருந்தார். விசாரணை எவர்மீதும் வழக்கின்றி முடிந்தது. அச்சரிவோ வைஸ்புளூயொக்கோடு இணைந்த அதே சறுக்கு நிலப்பரப்பைச் சேர்ந்தது. உலகிற் பனியை மிக நுணுக்கமாக அளந்துவந்த நிலையத்தின் அயலிலேயே இது நிகழ்ந்தது.

காப்புக் கருவிகளும் இக்காலத்திற் பெருகின. புதையுண்டோரைக் கண்டறியும் சிறு வானொலிக் கருவி 1968ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் 1993ஆம் ஆண்டில் ஐந்து படிகொண்ட ஒரே ஆபத்து அளவையை ஏற்றன. அதிற் பெருந்தொகையினர் இறப்பது உச்சப்படியிலன்று. நடுவிலுள்ள மூன்றாம் படியிலேயே. ஐந்தாம் படியில் எவரும் வீட்டை விட்டுப் புறப்படார். மூன்றாம் படியிலோ நம்பிக்கைக்கு இடமிருக்கின்றது. இனி, புதையுண்டோர் பற்றிச் சுவிற்சர்லாந்துத் தரவுகளைக்கொண்டு 1994ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, 15 நிமிடத்துள் மீட்கப்படுவோரில் 92 வீதத்தினர் பிழைப்பதையும், 35 நிமிடத்தில் அது 30 வீதமாகக் குறைவதையும் காட்டிற்று. 2024ஆம் ஆண்டின் ஆய்வொன்று அந்நற்காலத்தை 10 நிமிடமாகச் சுருக்கியுள்ளது. நின்றவுடன் இறுகிவிடும் பனியை அவ்வளவு நேரத்துள் அகழ்ந்தெடுக்க உடன்சென்றோராலேயே இயலும். ஊரிலிருந்து உதவி வருமுன் காலங் கடந்துவிடும்.

ஆகவே ஆராய்ச்சி பனியினின்று மனிதன்பால் திரும்பிற்று. அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்கமன் 700க்கு மேற்பட்ட விபத்துக்களை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபுகள் சிந்திக்கத்தக்கவை. பழகிய சரிவு என்னும் எண்ணம், முன்வைத்த நோக்கத்தைக் கைவிட மனமின்மை, கூட்டத்துள் வல்லவன் ஒருவன் உளன் என்னும் அமைதி, பிறர் முந்துமுன் புதுப்பனியை அடைய வேண்டுமென்னும் அவா என்பன அறிவை வென்றுவிடுகின்றன. பழகிய சரிவிற் பயிற்சி பெற்றோரும் பயிற்சியற்றோரைப் போலவே ஆபத்தை ஏற்றனர். நீச்சலறிந்தோரே ஆழத்துக்குச் செல்வர் என்பதுபோல, பயிற்சி சிலரை அது இல்லாவிடிற் செல்லாத இடத்துக்கும் கொண்டுசென்றது.

இவ்வுண்மைகளெல்லாம் கனடாவின் செல்கேர்க் மலைகளில் 2003ஆம் ஆண்டிற் பன்னிரண்டு நாள் இடைவெளியில் ஒன்றுசேர்ந்து வெளிப்பட்டன. ஜனவரி 20ஆம் நாள் வழிகாட்டியுடன் மலையேறிய ஒரு குழுவினரில் எழுவர் பனியில் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பனிப்பலகையில் உலக வெற்றிவீரராய் விளங்கிய கிறெய்க் கெலி; அவர் அப்போது மலைவழிகாட்டியாதற்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். பெப்ருவரி 1ஆம் நாள் றொஜர்ஸ் கணவாய்க்கு அருகே, பள்ளிக்கூடமொன்றின் மாணவர் பதினால்வரும் பெரியோர் மூவரும் கட்டைகளிற் பள்ளத்தாக்கு வழியே சென்றனர். ஆண்டுதோறும் நடந்த கல்விப் பயணம் அது. உயர்ந்த சரிவெதனிலும் அவர்கள் ஏறவில்லை. பனி மேலேயிருந்து இறங்கி அவர்களை மூடிற்று. அயலிற் சென்ற வழிகாட்டிகள் இருவர் விரைந்து வந்து அகழ்ந்தமையாற் பலர் பிழைத்தனர். மாணவர் எழுவர் பிழைக்கவில்லை.

அக்கணவாய் பனிச்சரிவுக்குப் புதியதன்று. 1910ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் அங்கே இரயிற்பாதையை மூடிய பனியை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர் 58 பேரை மற்றொரு சரிவு கொன்றது; அவர்களுள் 32 பேர் யப்பானியர். அவர்கள் கூலிக்காக அங்கே நின்றவர்கள். இரயில் நிறுவனம் மலையைக் குடைந்து 1916ஆம் ஆண்டிற் சுரங்கப்பாதை அமைத்து அவ்வழியைக் கைவிட்டது. தொழிலாளரைக் கொன்ற மலையினின்று இரயில் விலகிற்று. தொண்ணூற்று மூன்று ஆண்டுகளின் பின் மாணவர் அதே மலைகளைத் தாமாக நாடிச் சென்றனர். தாமாக என்பதும் முற்றும் பொருந்தாது. வளர்ந்த ஒருவன் தன் உயிரைத் தானே ஆபத்துக்குட்படுத்துவதும், ஆசிரியரை நம்பி ஒரு மாணவன் பின்செல்வதும் ஒன்றல்ல. தடத்துக்குப் புறம்பாற் செல்வோன் தன் பொறுப்பிற் செல்கிறான் என்று அல்ப்ஸில் வகுக்கப்பட்ட விதி இவ்விடத்திற் பொருந்தாதொழிந்தது.

கனடிய அதிகாரிகள் அதனை உணர்ந்தே செயற்பட்டனர். 2004ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்களின் மலைவழிகளை எளியவை, கடினமானவை, சிக்கலானவை என மூன்று வகுப்பாக்கினர். பிற்காலத்தில் அவ்வகுப்புக்கள் விரிவாக்கப்பட்டன. பெற்றோர் உடனில்லாத சிறுவர் குழுக்கள் குளிர்காலத்திற் கடினமான வழிகளிற் செல்வதாயிற் சான்றிதழ் பெற்ற மலைவழிகாட்டி உடன்செல்ல வேண்டும். சிக்கலான வழிகளுக்கு அவை செல்லலாகாது. இவ்வகுப்பு முறையிற் பனியின் நிலை கணக்கிற் கொள்ளப்படுவதில்லை. பனி ஒவ்வொரு நாளும் மாறுவது. சரிவின் சாய்வு, மரங்களின் செறிவு, மேலேயிருந்து எத்தனை பனிவாய்க்கால்கள் வழியை நோக்கி இறங்குகின்றன என்பன மாறாதவை. வைஸ்புளூயொக்கின் அளவைத் திடலில் 1936ஆம் ஆண்டு முதல் மாறும் பனியை அளந்து வருகின்றனர். றொஜர்ஸ் கணவாயின் மாணவருக்கெனப் பின்னர் வகுத்த படத்தில் அளக்கப்பட்டது மாறாத மலை.